தெருவில் போடக் கூடாத சப்பாத்து

கடைக்காரப் பெண் தரையில் கிடந்த பலகையைக் காட்டினாள். ஒரு ஆள் நின்று காலை மாற்றி வைக்கிற அளவுக்குச் சதுரமான பிளைவுட் பலகை. "இதில் ஏறித் தட்டிப் பாருங்கள், சப்பாத்தின் சத்தம் தெரியும்" என்றாள் ஆங்கிலத்தில்.

அக்கா பலகையைப் பார்த்தாள். காலில் மாட்டியிருந்த புதுச் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து வாரைக் கழற்றி, இரண்டையும் பலகைக்கு வெளியே சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினாள். ஏறியதும் இன்னொரு முறை குனிந்தாள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"சப்பாத்தோடு ஏற வேண்டும்" என்றாள் அவள், மிகுந்த மரியாதையாக.

அக்கா நாக்கைக் கடித்தாள். "பழக்கதோசமடா" என்றாள் என்னிடம்.

மற்ற நாளாக இருந்தால் அந்த இடத்தில் எனக்குப் பதினாறு பகிடி வந்திருக்கும். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் அக்கா சுமியைத் தெரியும். இதுவரை நாலைந்து தடவை வந்திருக்கிறாள், எல்லாத் தடவையும் எனக்குக் குட்டத்தான் வந்தாள். இன்றுதான் புதிதாக வாசிக்கிறீர்கள் என்றால்: என்னைவிட ஏழு வயது மூத்தவள். மிச்சம் என்கிற எங்கள் ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு தமிழ்க் கடைக்குச் சாமான் ஏற்றுகிற வான் வண்டி ஓட்டுகிறவன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் என்னுடையது. இல்லாவிட்டால் அக்கா திருத்தியது.

கண்ணாடி அலுமாரி

எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாலு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அதே கட்டடத்தில் அவளுக்குப் பரதநாட்டிய வகுப்பு. வீட்டுக்கு வந்து முன் அறையில் பழகுவாள். தெய்யா தெய் என்று சொல்லிக்கொண்டு வெறும் பாதத்தால் நிலத்தைத் தட்டுகிற தட்டடவு. அக்கா கொஞ்சம் உடம்பான பிள்ளை. தட்டினால் தட்டினதுதான்.

அந்த அறையில்தான் அம்மாவின் கண்ணாடி அலுமாரி நின்றது. இப்போதும் நிற்கிறது. உள்ளே யாரும் குடிக்காத கோப்பைகள், ஒரு கண்ணாடி அன்னம், பரிஸ் நகரத்தில் இருந்து யாரோ கொண்டுவந்த குட்டிக் கோபுரம். அக்கா தட்டத் தட்ட அவ்வளவும் கிணுகிணுக்கும்.

நான் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து அலுமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நிலநடுக்கம்! நிலநடுக்கம்! எல்லாரும் வெளியில ஓடுங்கோ!" என்று கத்துவேன்.

சும்மா நாட்களில் அக்கா துரத்திவந்து ஒரு குட்டு வைப்பாள். அதோடு சரி.

ஒரு நாள் ஜெர்மனியில் இருந்து பெரியம்மா ஆட்கள் வந்திருந்தார்கள். அறை நிறையச் சனம். வாய்ப்பனும் தேத்தண்ணியும் போய்க்கொண்டிருந்தன. "பிள்ளை ஒருக்கா ஆடிக் காட்டன்" என்று யாரோ கேட்க, அக்கா பச்சைச் சீலை உடுத்துச் சலங்கை கட்டிக்கொண்டு வந்தாள். தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். நான் ஓடிப்போய் அலுமாரியைப் பிடித்தேன். ஆட்கள் இருந்தபடியால் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

அறை முழுக்கச் சிரித்தது. பெரியப்பாவுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

அன்று அக்கா என்னைத் துரத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை, சோதனை வருகிறது, படிக்க வேண்டும் என்றாள். சோதனை வந்தது, போனது. சலங்கை பையை விட்டு வெளியே வரவேயில்லை. வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். கணக்கில் நான் எப்போதும் கடைசி, ஆனால் அந்தக் கணக்கை அந்த வயதிலேயே போட்டுவிட்டேன்.

நூலகத்துச் சுவர்

இனி இந்த வருசத்துக்கு வருவோம். ஒரு நாள் வேலை முடிந்து அக்காவை வானில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வானில் வழக்கம்போல மீன், கறிவேப்பிலை, வெங்காயம் மூன்றும் சேர்ந்த வாசனை. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுத் தன் கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவித்தலின் படம். ஃபிளமெங்கோ, ஆரம்ப வகுப்பு, ஸ்ட்ரெதம், சனிக்கிழமை பின்னேரம். எந்த வயதும், எந்த உடல்வாகும் வரலாம். சப்பாத்தும் நீளப் பாவாடையும் கொண்டுவரவும்.

"ஸ்பெயின்காரற்ற டான்ஸடா. காலால தட்டுறது."

"வெறுங்காலாலயா?"

"இல்லை. ஆணி அடிச்ச சப்பாத்தால."

"ஆர் அடிக்கிறது, நானா?"

அவள் சிரிக்கவில்லை. படத்தின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன். மூன்று மாதமாக அந்தப் படத்தைக் கைப்பேசிக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"ஒருக்காப் போய்ப் பாக்கப்போறன்" என்றாள். "சரிவராட்டி இனி டான்ஸ் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டன். பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கவும் கூடாது."

அக்கா அப்படிச் சொன்னால் அப்படித்தான். வெட்டினால் ஒட்ட மாட்டாள். அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன்: வகுப்புத் தொடங்கும்வரை வாயைப் பூட்டி வைப்பது. ஒரு பகிடிகூட விடுவதில்லை.

ஒரு விரல் இடம்

அந்தச் சப்பாத்துக் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு ஒடுங்கிய படியேறிப் போகிற மாடியில். தோல் வாசனை. சுவர் முழுக்கச் சப்பாத்துப் பெட்டிகள். கடைக்காரப் பெண்ணின் பெயர் லூசியா.

பழகத் தொடங்குகிறவர்களுக்கு என்று அவள் எடுத்துத் தந்த சப்பாத்துக்குக் குதி குட்டை, ஆனால் நல்ல அகலம். குறுக்கே ஒரு வார். திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்திலும் குதியிலும் குண்டூசித் தலைகளை நெருக்கிக் குத்தியதுபோல ஆணிகள்.

அக்கா காலை நுழைத்தாள். உடனே அவளும் நானும் ஒரே நேரத்தில் குனிந்து முன்பக்கத்தைப் பெருவிரலால் அமர்த்தினோம். இரண்டு தலையும் மோதிக்கொண்டன. எங்கள் குடும்பத்தில் சப்பாத்து வாங்கினால் ஒரு விரல் இடம் விட வேண்டும். வளருகிற கால், குளிருக்கு இரண்டு சோடி சொக்ஸ், பிறகு தம்பிக்கும் உதவும். பதின்மூன்று வயதுவரை நான் முன்பக்கத்தில் பேப்பர் அடைத்த சப்பாத்தோடுதான் நடந்தேன். மழைக்கு அந்தப் பேப்பர் ஊறும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் கிடக்கிறது.

"ஒரு சைஸ் பெரிசாத் தர ஏலுமா?" அக்கா ஆங்கிலத்தில் கேட்டாள்.

லூசியா தலையாட்டி மறுத்தாள். கால் உள்ளே வழுக்கினால் கணுக்கால் பிரளும், தட்டுகிற தட்டும் பிந்தும். கையுறை போலப் பிடிக்க வேண்டும், தோல் பிறகு கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்றாள்.

அக்காவுக்கு முப்பத்திநாலு வயது, இனியும் கால் வளருமா என்று ஒரு பகிடி என் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன பலகைக் கூத்து நடந்தது. பரதநாட்டியம் பழகிய காலுக்கு ஆடுகிற இடத்தில் சப்பாத்தோடு ஏறுவது என்பது செருப்போடு கோயிலுக்குள் போவது மாதிரி. இருபது வருசம் ஆடாவிட்டாலும் காலுக்கு அது மறக்கவில்லை. அக்கா வெட்கப்பட்டுப் பலகையை விட்டு இறங்கி, "முதல்ல பாவாடையைப் பாப்பம்" என்றாள்.

திரைக்குப் பின்னால்

கறுப்புப் பாவாடை. இடுப்பில் இறுக்கமாக நின்று, முழங்காலுக்குக் கீழே விரிந்து, அடியில் ஒரு சுருக்கு. நிலத்தில் இழுபடக் கூடாது, ஆசிரியைக்குப் பாதம் தெரிய வேண்டும் என்று லூசியா அளவு பார்த்துக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கிக்கொண்டு உடைமாற்றுகிற திரைக்குப் பின்னால் போனாள்.

போனவள் வரவில்லை.

"அக்கா?"

"ம்."

"சரியா இருக்கா?"

"இடுப்பில பிடிக்குது. எல்லாம் தெரியுது."

நான் பேசவில்லை. மிகக் கவனமாகப் பேசாமல் இருந்தேன்.

திரை அரைவாசி விலகியது. அக்கா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"சொல்லன்."

"என்னத்தை?"

"எப்பிடி இருக்கெண்டு."

"நல்லாயிருக்கு."

அவள் முகம் விழுந்தது. "அவ்வளவு மோசமா?"

"நல்லாயிருக்கெண்டுதானே சொன்னனான்!"

"நீ எண்டைக்கடா எனக்கு நல்லாயிருக்கெண்டு சொன்னனி? காலமையிலயிருந்து செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறாய். கழட்டுறன். வா, வீட்ட போவம்."

திரை சரக்கென்று மூடியது. நான் அப்படியே நின்றேன். அந்த முறை வாயைத் திறந்து கெடுத்தேன். இந்த முறை வாயை மூடிக் கெடுக்கிறேன். என்னைப் போல ஒருவனை வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளை எப்படித்தான் ஆடுவது?

"அக்கா, கழட்டாதை. உண்மையைச் சொல்லட்டா?"

"என்ன?"

"அதைப் போட்டுக்கொண்டு ரெண்டு தரம் சுத்தினியெண்டா வாற காத்துக்கு இந்தக் கடைக்குக் கூட்டுமாறு தேவையில்லை. லூசியா உன்னை வேலைக்கு எடுப்பாள்."

பிறகு திரைக்குப் பின்னால் மூக்கால் ஒரு சிரிப்பு. அடக்க அடக்க வெடிக்கிற சிரிப்பு.

"விசரா" என்றாள்.

திரை முழுதாகத் திறந்தது. அக்கா வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை கீழே குடை மாதிரி விரிந்து, அவள் நின்ற பிறகும் அரைச் சுற்றுப் போய்க் காலில் வந்து சுற்றிக்கொண்டது. ஒருவரும் கேட்காமலே மற்றப் பக்கமும் சுற்றினாள். லூசியா கைதட்டினாள்.

பிறகு சப்பாத்தைப் போட்டு, பலகைக்கு முன்னால் ஒரு நிமிசம் நின்று, உதட்டுக்குள் என்னவோ சொல்லிவிட்டுச் சப்பாத்தோடு ஏறினாள். ஒரே ஒரு தட்டு.

டக்.

சுவரில் இருந்த பெட்டிகள் ஒருமுறை அசைந்தன. அக்கா உடனே என் வாயைப் பார்த்தாள். எந்தச் சொல் வரும் என்று பயந்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் வாயில் எடுக்கவில்லை.

வீடில்லாத சப்பாத்து

பையில் போட்டுத் தரும்போது லூசியா திரும்பத் திரும்பச் சொன்னாள்: இதைத் தெருவில் போட்டு நடக்கக் கூடாது. கல்லில் பட்டால் ஆணி தேய்ந்துவிடும். கட்டடத்துக்கு உள்ளே மட்டும்தான்.

மிச்சம் ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றார். எங்கள் வீட்டின் ஒரே சட்டம், சப்பாத்தோடு உள்ளே வரக் கூடாது. கேஸ் அடுப்பைப் பார்க்க வருகிறவர்களே காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டுதான் குசினிக்குள் போவார்கள்.

"அம்மா, இது வீட்டுக்குள்ள மட்டும் போடுற சப்பாத்து" என்றாள் அக்கா.

"அப்பிடியொரு சப்பாத்து உலகத்திலயே இல்லை."

"கடைக்காரி சொன்னவளம்மா."

"அவள் விக்கிறவள், சொல்லுவாள்தானே. வெளியில போட்டு ஆடு."

"வெளியில போடக் கூடாதாம்."

அம்மா சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆணியைக் கண்டார். "ஐயோ, என்ர நிலம்!"

வீட்டுக்குள்ளும் போட முடியாது, வெளியிலும் போட முடியாது. உள்ளேயும் சேர்க்காமல் வெளியேயும் விடாமல் எங்கள் குடும்பத்தில் இருக்கிற இரண்டாவது பொருள் இது. முதலாவது நான்.

அக்கா பையை மாடிப்படியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்தாள். "பாத்தியா? தொடங்க முதலே தடை. விடடா. திருப்பிக் குடுப்பம்."

வானுக்குள்

அடுத்த நாள் ஞாயிறு. காலையிலேயே வானின் பின்பக்கத்தில் கிடந்த வெங்காயச் சாக்கையும் மீன் பெட்டியையும் இறக்கினேன். எலுமிச்சை வாசனைத் தண்ணீர் ஊற்றி மூன்று தரம் கழுவினேன். வானின் அடித்தளம் பிளைவுட் பலகை. லூசியாவின் கடையில் கிடந்ததைவிட ஆறு மடங்கு பெரியது.

"வா" என்றேன். "இது வீடுமில்லை, தெருவுமில்லை."

அக்கா வானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அதற்குப் பிறகு சப்பாத்து.

நான் பின் கதவுகளைத் திறந்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதை விளிம்பில் இருந்தேன். முதலில் மெல்ல. பிறகு தெய்யா தெய். வான் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடியது. முன்வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்னால் அக்கா மூச்சு வாங்கச் சிரிப்பது கேட்டது.

முகத்தைப் பார்க்காமல் இருந்தபடியால் கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீ அண்டைக்கு டான்ஸை விட்டது என்னாலதானே?"

தட்டுகிற சத்தம் நின்றது. சீ, இல்லையடா என்று சொல்வாள் என்று நினைத்தேன். எல்லா அக்காமாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஓம்" என்றாள். "உன்னாலதான்."

காரில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"மூண்டு நாள் அழுதனான். உனக்கு ஏழு வயசெண்டு எனக்குத் தெரியும். சிரிச்ச பெரியாக்களுக்கு ஏழு வயசில்லையே. ஆனா தொடங்கினது நீ."

"மன்னிச்சுக்கொள் அக்கா."

"அதெல்லாம் வேண்டாம். வகுப்புப் பத்துச் சனிக்கிழமை. பத்துக் கிழமையும் நீதான் கொண்டுபோய் விட்டு, முடியுமட்டும் நிண்டு, கூட்டிக்கொண்டு வரவேணும். அதுதான் உனக்குத் தண்டனை."

"வாறன்."

"இன்னொண்டு. பகிடியை நிப்பாட்டாதை. கடையில நீ வாயைப் பொத்திக்கொண்டு நிக்க எனக்குப் பயந்துபோச்சு. விடுறதை எனக்கு முன்னால விடு. ஆக்களுக்கு முன்னால விடாதை."

அப்படியென்றால் இதைப் பத்திரிகையில் எழுதுவது எந்தக் கணக்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "எழுது. சப்பாத்தின்ர சைஸை மட்டும் எழுதாதை" என்றாள். எழுதவில்லை.

மஞ்சள் கோட்டில்

அடுத்த சனிக்கிழமை, ஸ்ட்ரெதத்தில் ஒரு தேவாலய மண்டபம். வாசலில் வானை நிறுத்தினேன். அக்கா கதவுப் பிடியில் கையை வைத்தாள், திறக்கவில்லை.

"உள்ள எல்லாரும் ஒல்லியா இருப்பாளவை."

"நான் வான் நிப்பாட்டக் கூடாத மஞ்சள் கோட்டில நிக்கிறன். தண்டக் காசு எழுத வந்தால் உன்ர பேரிலதான் எழுதச் சொல்லுவன்."

"மூதேசி" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வானைச் சரியான இடத்தில் விட்டுவிட்டு வந்து மண்டபத்தின் பழைய சன்னலால் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி தாதி உடுப்புக்கு மேலேயே பாவாடையைக் கட்டியிருந்தாள். ஒரு வயதான மனுசிக்கு ஓடுகிற சப்பாத்து. இன்னொருத்தியின் பாவாடை திரைச்சீலையாக இருந்து போன கிழமைதான் பாவாடையாகியிருக்க வேண்டும். ஒல்லியானவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆசிரியை தட்டிக் காட்டினாள். எல்லாரும் தட்டினார்கள், யாரோ தூங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. இன்னும் பலமாக என்று கையைக் காட்டினாள்.

டக்.

என் கைக்குக் கீழே சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாருடைய கால் என்று எட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மற்ற எல்லாரும் நிறுத்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது சிரிக்கப்போகிறார்களா?

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை அக்காவின் கையைப் பிடித்து முன் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். மற்றவர்களுக்கு அவளுடைய காலைக் காட்டினாள்.

அம்மாவின் தீர்ப்பு

வீட்டு வாசலில் தெருச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அக்கா முழுக் கதையையும் அம்மாவுக்குச் சொல்லி முடித்தாள். அம்மாவின் கண் பையில் இருந்தது.

"அது தெருவில பட்டதா?"

"இல்லையம்மா. வானிலயும் மண்டபத்துக்குள்ளயும்தான்."

"வான் கழுவினது" என்றேன் நான்.

அம்மா சப்பாத்தை எடுத்துத் திருப்பி, ஆணிகளின் மேல் விரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூசியில்லை. நீதிமன்றத்தில் இருப்பதுபோலக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெருவைக் காணாதது சப்பாத்தில்லை, பிள்ளை. இது சலங்கை மாதிரி" என்றார். "ஆனா என்ர நிலத்தில ஆணி படப்படாது. தம்பி, அந்த வானில கிடக்கிற பலகையைக் கழட்டிக்கொண்டு வா."

திருகாணிகளைக் கழற்றிப் பலகையை முன் அறைக்குச் சுமந்து வந்தேன். அம்மா கம்பளத்தைச் சுருட்டினார். பலகையைத் துடைத்தார், மணந்து பார்த்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தரம் துடைத்தார். அக்கா பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு வாரை இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

அம்மா அக்காவின் காலைப் பார்த்தார். சுவரோரம் நின்ற கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். அதே கோப்பைகள், அதே அன்னம்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், தம்பி? ஓடிப்போய் அலுமாரியைப் பிடி."

ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக் கட்டிப்பிடித்தேன். இப்போது கை மற்ற மூலைவரை எட்டுகிறது. கன்னத்தில் கண்ணாடி குளிர்ந்தது. பின்னால் முதல் தட்டு விழுந்தது, பிறகு அடுத்தது. உள்ளே எல்லாக் கோப்பைகளும் கிணுகிணுக்கத் தொடங்கின.

"என்னடா" என்றாள் அக்கா, தட்டுவதை நிறுத்தாமல். "சத்தத்தைக் காணேல்லை?"

வீட்டில் வேறு ஆட்கள் ஒருவரும் இல்லை. முழுத் தொண்டையாலும் கத்தினேன்.